ஆர்லாண்டோ டைம்ஷேர்: உள்ளே போகும் முன் வெளியே வரும் வழியைக் கேளுங்கள்

மார்ச் மாதம் நெருங்கினால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "ஸ்பிரிங் பிரேக் லீவுக்கு ஆர்லாண்டோ போறோம். ரிசார்ட்ல ஒரு மீட்டிங் உட்கார்ந்தா டிஸ்னி டிக்கெட் ரொம்பக் குறைவா தர்றாங்களாம், போகலாமா?" நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே, ஆல்ஃபரெட்டா பக்கம். காரில் ஏழு மணி நேரத்தில் ஆர்லாண்டோ போய்விடலாம் என்பதால் இங்கே குழந்தைகள் உள்ள எந்தத் தமிழ்க் குடும்பமும் ஒருமுறையாவது போகாமல் இருக்காது. கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மீட்டிங் டைம்ஷேர் விற்பதற்காக நடத்துவது. டைம்ஷேர் என்றால், ஒரு ரிசார்ட்டில் வருஷத்துக்குச் சில நாட்கள் தங்கும் உரிமையை விலைக்கு வாங்குவது. 2013 முதல் 2022 வரை அங்கே ஒரு தீம் பார்க் ரிசார்ட்டில் டைம்ஷேர் வைத்திருந்தவள் என்ற முறையில் முழுக்கதையையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு இதையெல்லாம் எனக்குச் சொல்ல ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய இரவுகள் நிறைய.

தொடக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். நாங்கள் தங்கிய ஹோட்டல் வரவேற்பறையில், செக்-இன் கவுன்டருக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேசை. பார்க் டிக்கெட், வரைபடம் எல்லாம் அடுக்கி வைத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு உதவும் மேசை மாதிரியே இருந்தது. அது ஹோட்டலின் மேசை இல்லை, டைம்ஷேர் விற்பவர்களின் மேசை. ஆர்லாண்டோவை ஒட்டிய கிஸ்ஸிமி ஊர்ப் பக்கம் 192-ம் நெடுஞ்சாலை ஓரத்தில் 'பார்வையாளர் தகவல் மையம்' என்று பலகை மாட்டிய கடைகள் பலவும் அப்படித்தான். காலைச் சிற்றுண்டியோடு 90 நிமிட மீட்டிங், கணவனும் மனைவியும் சேர்ந்தே வர வேண்டும், ஓட்டுநர் உரிமமும் கிரெடிட் கார்டும் கொண்டுவர வேண்டும் என்றார்கள். இருவரும் வர வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு என்றால், 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று யாரும் எழுந்துவிடக் கூடாது. அந்த 90 நிமிடம் எங்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. வெளியே வந்தபோது பெரியவள் பசியில் அழுது ஓய்ந்திருந்தாள், சின்னவன் தோளில் தூங்கிவிட்டான்.

அந்த நான்கு மணி நேரம் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். ஒரு காகிதத்தில், ஹோட்டலுக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அதை இருபதால் பெருக்குவார்கள். பெரிய தொகை வரும். 'இத்தனையும் கொடுத்த பிறகு உங்கள் கையில் என்ன மிஞ்சும்?' என்று கேட்பார்கள். பிறகு இருப்பதிலேயே மிகச் சிறந்த இரண்டு படுக்கையறை வில்லாவைக் காட்டுவார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தால் ஒரு பெரிய விலை. தயங்கினால் மேலாளர் வருவார், விலை இறங்கும், ஆனால் அது இன்றைக்கு மட்டும். அப்போதும் வேண்டாம் என்றால் இன்னொருவர் சின்ன பேக்கேஜோடு வருவார். எங்களோடு பேசியவர் என் பெற்றோரைப் பற்றி விசாரித்தார். வருஷத்தில் சில மாதங்கள் இந்தியாவிலிருந்து வந்து எங்களோடு இருப்பார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு முழுக்க அவர்களைச் சுற்றியே நடந்தது. தாத்தா பாட்டிக்குத் தனி அறை, சமையலறை, மதியம் படுத்து எழ ஓர் இடம். உங்களுக்குப் பின் பிள்ளைகளுக்கும் போகும் சொத்து, கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் உங்கள் பெயரில் பத்திரம் பதிவாகும் என்றார். வாடகை கொடுத்தே பழகிய எங்களுக்கு, சொந்தப் பெயரில் ஒரு பத்திரம் என்றதும் மனசு இளகிவிட்டது. நிலம் வாங்குவதையும் பத்திரம் பதிவதையும் வாழ்க்கையின் பெரிய காரியமாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த இடத்தில் கை வைக்கத் தெரிந்தவர் அவர்.

விலை 18,900 டாலர். முன்பணம் 1,890, பதிவுச் செலவு 500 சொச்சம். மீதி 17,010 டாலரை அவர்களே கடனாகக் கொடுத்தார்கள். பத்து வருஷம், 15.9 சதவீத வட்டி, மாதம் 284 டாலர். மேசையில் பேசப்பட்டது அந்த 284 மட்டும்தான். பத்து வருஷத்துக்கும் அப்படியே கட்டினால் முன்பணத்தோடு சேர்த்து ஏறக்குறைய 36,000 டாலர், அதாவது சொன்ன விலையைப் போல் இரண்டு மடங்கு. இரண்டு வருஷம் ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகு ஒருநாள் கணக்கை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் கட்டியிருந்தது சுமார் 6,800 டாலர். அதில் அசலில் கழிந்தது 1,640 மட்டும். மீதியெல்லாம் வட்டி. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் அப்பா வீட்டுக்கு மாடி எடுக்க ஒதுக்கி வைத்திருந்த பணத்தை எடுத்து, மிச்சமிருந்த 15,370 டாலரை ஒரே தடவையில் அடைத்தோம். டைம்ஷேர் கடன் எடுத்தே தீர வேண்டிய நிலை என்றால், முன்கூட்டியே அடைக்க அபராதம் உண்டா என்பதைப் பார்த்துக்கொண்டு, கிரெடிட் யூனியன் (கூட்டுறவு வங்கி போன்றது) மாதிரி இடத்துக்கு அந்தக் கடனை உடனே மாற்றப் பாருங்கள். கையில் ரொக்கம் இல்லாமல் இதை வாங்கவே கூடாது என்பதுதான் என் கருத்து.

இங்கே ஒரு விஷயம், இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். புளோரிடாவில் டைம்ஷேர் விற்பனைக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, மாநிலச் சட்டத்தின் 721-ம் அத்தியாயம். அதன்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்தோ, தர வேண்டிய கடைசி ஆவணம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் ரத்து செய்யலாம். இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக உங்களிடம் யாரும் எழுதி வாங்க முடியாது. சனி, ஞாயிறும் அந்தப் பத்தில் சேரும். ரத்து எழுத்தில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் முகவரிக்குப் போக வேண்டும். நீங்கள் அனுப்பிய தேதிதான் கணக்கு, அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த தேதி இல்லை. அதனால் சான்றுள்ள பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது. கலிபோர்னியாவில் இது 7 நாள், நெவாடாவில் 5 நாள்.

எங்களுக்கு அந்த 10 நாள் எப்படிப் போனது தெரியுமா? பயணத்தின் தொடக்கத்திலேயே கையெழுத்து. மீதி வாரம் முழுக்கப் பார்க்கில் குழந்தைகளோடு. பிறகு ஏழு மணி நேரக் கார் பயணம், துணி துவைத்து, அலுவலக மெயில்களைப் பார்த்து, பள்ளிக்கூடம் தொடங்கி, நிமிர்ந்து பார்க்கும்போது கெடு முடிந்துவிட்டது. ஒப்பந்தக் காகிதங்களை ஒரு அழகான தோல் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ரத்து பற்றிய பக்கம் அதன் அடியில் இருந்தது. விடுமுறையின் நடுவில் விற்பதே அந்த நாட்களை விடுமுறை தின்றுவிடும் என்ற கணக்கில்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஆகவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், பார்க்குக்குப் போவதை ஒரு நாள் ஒத்திப்போடுங்கள். அறையில் உட்கார்ந்து முழு ஒப்பந்தத்தையும் படியுங்கள். 'விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்ன எதையும் நம்பி நான் வாங்கவில்லை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதன் பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பம் இருக்கும். வேண்டாதபோது நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம், வாடகைக்கு விட்டால் செலவு வந்துவிடும், பராமரிப்புக் கட்டணம் பெரிதாக ஏறாது என்று மேசையில் கேட்ட மூன்று வாக்குறுதிகளுக்கும் அந்த ஒரு வரியோடு மதிப்பு போய்விடுகிறது.

சரி, நல்லதே இல்லையா என்றால், இருந்தது. முதல் சில வருஷங்கள் எங்களுக்கு உண்மையிலேயே சந்தோஷமானவை. இரண்டு படுக்கையறை, முழுச் சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், கீழே நீச்சல் குளம். அம்மா எங்கள் வீட்டிலிருந்தே குக்கரும் இட்லிப் பானையும் கொண்டுவந்துவிடுவார். காலையில் பொங்கல் சாப்பிட்டு, புளியோதரையும் தயிர் சாதமும் டப்பாவில் கட்டிக்கொண்டு கிளம்புவோம். டிஸ்னி பார்க்குகளுக்குள் சொந்தச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. உள்ளே ஐந்தாறு பேர் ஒருவேளை சாப்பிடுகிற பணத்தில் வாரம் முழுக்க மளிகை வாங்கிவிடலாம். மதிய வெயிலில் அப்பா அம்மா வில்லாவுக்குத் திரும்பி ஓய்வெடுத்து, மாலையில் மறுபடி வருவார்கள். ஒரே ஹோட்டல் அறையில் ஆறு பேர் நெருக்கியடித்துப் படுத்த பயணங்களை நினைத்தால் அது சொர்க்கம். இன்னொன்று, பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகவாவது வருஷம் ஒருமுறை விடுப்பு எடுத்தோம். இல்லாவிட்டால் என் கணவர் எடுத்திருக்க மாட்டார். இவையெல்லாம் மெய்யான பலன்கள், மறைக்க விரும்பவில்லை. ஆனால் இவற்றில் ஒன்றுக்குக்கூட டைம்ஷேர் சொந்தமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

இடம் கிடைப்பதில் சிக்கல் மெல்லத் தொடங்கியது. எங்களுடையது பாயின்ட் முறை. வருஷத்துக்கு இத்தனை பாயின்ட் என்று கொடுப்பார்கள். எந்த வாரம், எவ்வளவு பெரிய வில்லா என்பதைப் பொறுத்து அது கழியும். பள்ளி விடுமுறை வாரங்களுக்குத்தான் பாயின்ட் அதிகம், அவைதான் முதலில் காலியாகும். ஜார்ஜியாவில் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடும், ஸ்பிரிங் பிரேக் ஏப்ரல் ஆரம்பத்தில் வரும். எங்களுக்கு வசதியான நாட்கள் கொஞ்சம்தான், அந்த நாட்களில்தான் ஊரே ஆர்லாண்டோவில் இருக்கும். ஒரு வருஷம் முன்பே பதிவு திறக்கும் நாளில் காலையிலேயே கணினி முன் உட்கார வேண்டும். அப்பா அம்மாவுக்கு விசா, டிக்கெட் முடிவாகாமல் ஒரு வருஷம் முன்பே தேதி சொல்ல யாரால் முடியும்? இரண்டு படுக்கையறைக்கு என்று வாங்கிய பாயின்ட், கோடை விடுமுறையில் ஒரு படுக்கையறைக்குத்தான் போதுமாக இருந்தது. அதைச் சொன்னால் கூடுதலாகப் பாயின்ட் வாங்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறை தங்கப் போகும்போதும் 'உரிமையாளர்களுக்கான விளக்கக் கூட்டம்' என்று கூப்பிடுவது அதற்குத்தான். போகவே போகாதீர்கள். பார்க்கிங் அனுமதிச் சீட்டு வாங்கும் மேசையிலேயே உங்களை அந்தக் கூட்டத்துக்கு எழுதப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உலகத்தில் எந்த ரிசார்ட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வதையும் பார்த்துவிடலாம். ஆர்சிஐ, இன்டர்வல் இன்டர்நேஷனல் என்று பரிமாற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. உறுப்பினர் கட்டணம் தனி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 200 டாலருக்கு மேல் கட்டணம் தனி. அதைவிட முக்கியமானது, ஆர்லாண்டோவில் டைம்ஷேர்கள் கொட்டிக் கிடக்கின்றன. எங்கும் கிடைக்கிற பொருளைக் கொடுத்து, கடற்கரை ஊர்களில் கோடை வாரத்தைக் கேட்டால் யார் தருவார்கள்? ஆர்லாண்டோ வாரத்துக்குப் பரிமாற்றத்தில் மதிப்பு குறைவு.

எல்லாவற்றையும் விட எங்களை அரித்தது பராமரிப்புக் கட்டணம்தான். 2013-ல் 780 டாலர். 2022-ல் 1,410. வருஷத்துக்கு ஏழு சதவீதம் போல ஏறிக்கொண்டே வந்தது. கடனை அடைத்தாலும் இது நிற்காது, நாம் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கூரை மாற்றினால், புயலில் சேதமானால், சிறப்பு வசூல் என்று தனியாகவும் கேட்க ஒப்பந்தத்தில் இடம் உண்டு. 2020 மார்ச் நடுவில் கொரோனாவால் டிஸ்னி பார்க்குகள் மூடப்பட்டு ஜூலையில்தான் திறந்தன. அந்த வருஷமும் முழுப் பில்லும் வந்தது. கட்டவில்லை என்றால் வசூல் ஏஜென்சிக்குப் போகும், கிரெடிட் ஸ்கோர் விழும், வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். பில்லில் 'விருப்பப் பங்களிப்பு' என்று சில டாலர்கள் சேர்ந்திருக்கும், டைம்ஷேர் துறையின் உரிமையாளர் அமைப்புக்குப் போகிற பணம் அது. வேண்டாமென்றால் கழித்துக்கொண்டு கட்டலாம்.

என் அப்பா திருநெல்வேலியில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு பயணத்தின்போது வில்லா மேசையில் அந்தத் தோல் பையைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். "எல்லாம் சரிம்மா. இத வேண்டாம்னு சொல்லணும்னா யார்ட்ட போய்ச் சொல்லணும்? அது இதுல எங்கயும் இல்லையே" என்றார். என்னிடம் பதில் இல்லை. முடிவுத் தேதி இல்லாத பத்திரம் அது. எங்கள் பெயரிலேயே என்றென்றைக்கும் இருக்கும், எங்களுக்குப் பின் பில்லோடு சேர்ந்து பிள்ளைகள் தலையில் போய் விழப் பார்க்கும். வாரிசுகள் அதை ஏற்க மறுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் அவர்கள் முறைப்படி, உரிய காலத்துக்குள் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்து என்று நம்பி வாங்கியதை அப்படிப் பார்க்க நேர்ந்த அன்று எனக்குத் தாங்க முடியாத ஆத்திரம்.

விற்கலாம் என்று பார்த்தோம். மறுவிற்பனைத் தளங்களிலும் ஈபேயிலும் எங்கள் ரிசார்ட்டின் வாரங்களை ஒரு டாலருக்குப் போட்டிருந்தார்கள், பதிவுச் செலவையும் தானே ஏற்பதாகச் சொல்லி. அப்படியும் வாங்க ஆளில்லை. வாடகைக்கு விடலாம் என்றால், மற்ற உரிமையாளர்கள் அதே வில்லாவை வாரம் 700, 800 டாலருக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பராமரிப்புக் கட்டணமே அப்போது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு வாரத்தை வைத்திருப்பவன் கட்டுவதைவிட அதை வாடகைக்கு எடுப்பவன் குறைவாகக் கட்டுகிறான் என்றால், வைத்திருப்பதில் என்ன லாபம்? வாங்கும் முன் உங்கள் போனில் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள், அந்த ரிசார்ட்டின் மறுவிற்பனை விலை, அதே ரிசார்ட்டின் வாடகை. பத்து நிமிட வேலை. மீட்டிங் அறையில் உட்கார்ந்தபடியே செய்யலாம், 'கொஞ்சம் வெளியே காற்றாட நின்றுவிட்டு வருகிறோம்' என்று சொல்லிவிட்டும் செய்யலாம். நஷ்டத்தை வரியில் கழிக்கலாமே என்று நினைக்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய டைம்ஷேரை நஷ்டத்துக்கு விற்றால் அமெரிக்க வருமான வரியில் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது.

விற்பனைக்குப் போட்ட சில வாரங்களில் ஒரு அழைப்பு. ஒரு கம்பெனி ஊழியர்களின் விடுமுறைக்காக மொத்தமாக டைம்ஷேர் வாங்குகிறது, உங்களுடையதுக்கு 14,000 டாலர் தருகிறார்கள், ஆவணக் கட்டணம் 1,495 டாலரை மட்டும் முன்னால் கட்டிவிடுங்கள், விற்பனை முடிந்ததும் அதுவும் திரும்ப வரும் என்றார்கள். ஒப்பந்தம், எஸ்க்ரோ கணக்கு (விற்பனை முடியும்வரை பணத்தை மூன்றாமவர் வைத்திருப்பது), இணையதளம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. என் கணவர் அப்போது புராஜெக்ட் விஷயமாக டெக்சாஸில் இருந்தார், இந்தக் காரியங்களெல்லாம் என் தலையில். பணம் அனுப்பினேன். அடுத்த மாதம் மாநில வரி என்று இன்னும் 2,000 கேட்டார்கள். அப்போது சந்தேகப்பட்டு நிறுத்தியதும் அந்த எண் அப்படியே செத்துப்போனது. வயர் டிரான்ஸ்ஃபரில் போன பணம், திரும்ப வரவே இல்லை. இந்த மாதிரி மோசடிகளைப் பற்றி நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் வருஷக்கணக்காக எச்சரித்து வருகிறது. விற்கும்முன் முன்பணம் கேட்பவர் எவரானாலும் போனை வைத்துவிடுங்கள். 'உங்களை டைம்ஷேரிலிருந்து விடுவிக்கிறோம்' என்று ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்கும் நிறுவனங்களிடமும் அதே எச்சரிக்கை வேண்டும். அவற்றில் சில உங்களைத் தவணை கட்டாமல் நிறுத்தச் சொல்லும், கிரெடிட் ஸ்கோர் கெடுவது உங்களுக்குத்தான்.

டிஸ்னியே நடத்துகிற டிஸ்னி வெகேஷன் கிளப் எப்படி என்று பலர் கேட்பதால் அதையும் சொல்கிறேன். என் தோழி ஒருத்தி வைத்திருக்கிறாள், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். 1991-ல் தொடங்கிய திட்டம். எங்களுடையதுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம், அதற்கு முடிவுத் தேதி உண்டு. ஓல்ட் கீ வெஸ்ட், போர்டுவாக் போன்ற பழைய ரிசார்ட்டுகளின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 2042-ல் முடிகின்றன, சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054, அனிமல் கிங்டம் வில்லாஸ் 2057, பே லேக் டவர் 2060, ரிவியேரா 2070. இரண்டாவது, மறுவிற்பனையில் அதற்கு உண்மையான விலை இருக்கிறது. நீங்கள் ஒருவரோடு விலை பேசி முடித்தாலும் அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை டிஸ்னிக்கு உண்டு, அதனால் விலை அடிமட்டத்துக்கு விழுவதில்லை. மூன்றாவது, இடம். பே லேக் டவரிலிருந்து மேஜிக் கிங்டம் பார்க்குக்கு நடந்தே போகலாம். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இது எத்தனை பெரிய வசதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அதையும் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்க வேண்டும். நேரடியாக டிஸ்னியிடம் வாங்கினால் இப்போது ஒரு பாயின்ட் 200 டாலருக்கு மேல், 150 பாயின்ட் என்றால் 30,000 டாலரைத் தாண்டும். வருஷக் கட்டணம் ரிசார்ட்டைப் பொறுத்து ஒரு பாயின்ட்டுக்கு 8 முதல் 10 டாலர் அளவில், அதாவது 150 பாயின்ட்டுக்கு 1,200 முதல் 1,500, அதுவும் ஏறும். சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பும், மற்றவற்றில் 7 மாதம் முன்பும் பதிவு செய்யலாம். விரும்பிய இடம் வேண்டுமானால் அந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது. பார்க் டிக்கெட் இதில் சேராது, அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது சமையலறை. ஸ்டூடியோவில் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும்தான், அடுப்பு கிடையாது. ஒரு படுக்கையறை எடுத்தால்தான் முழுச் சமையலறை, அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பாயின்ட் போகும். மறுவிற்பனையில் மலிவாக வாங்குபவர்களுக்கு 2019 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு உண்டு. பழைய 14 ரிசார்ட்டுகளின் பாயின்ட்டை இப்படி வாங்கினால் ரிவியேராவிலோ அதற்குப் பின் வந்த புது ரிசார்ட்டுகளிலோ அதைப் பயன்படுத்த முடியாது.

என் தோழிக்கு அது ஏன் சரிப்பட்டது என்றால், ரொக்கமாக, மறுவிற்பனையில் வாங்கினாள். இரண்டு பேருக்கும் வேலையில் விடுப்பு முன்கூட்டியே உறுதியாகும். குழந்தை இல்லாமல்கூட ஆர்லாண்டோ போகிற அளவுக்கு அவர்களுக்கு டிஸ்னி பைத்தியம். இந்த மூன்றும் உங்களுக்கும் பொருந்தினால் யோசிக்கலாம். எங்கள் வீட்டில் பெரியவளுக்குப் பன்னிரண்டு தாண்டியதும் மிக்கி மவுஸைப் பார்க்கும் ஆசை போய்விட்டது. பார்க்கைப் பார்த்துத் துள்ளுகிற வயது நான்கில் தொடங்கிப் பன்னிரண்டில் ஓய்கிறது, அந்த விற்பனையாளர் கொடுத்த கடனோ பத்து வருஷம். உங்கள் குழந்தைக்கு இப்போது என்ன வயது என்பதை வைத்தே பாதிக் கணக்கைப் போட்டுவிடலாம். டிஸ்னி வில்லாவில் ஒருமுறை தங்கிப் பார்க்க ஆசை என்றால், உறுப்பினர்களிடமிருந்து பாயின்ட்டை வாடகைக்கு வாங்கித் தங்கலாம், ஒரு பாயின்ட் சுமார் 20 டாலர். ரத்து செய்தால் பணம் பெரும்பாலும் திரும்பாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது போனால் கிஸ்ஸிமியில் முழு வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம். அடுப்பு இருக்கிறது, அப்பா அம்மாவுக்கு அறை இருக்கிறது, திரும்பி வந்த பிறகு ஒரு பில்லும் வருவதில்லை.

கடைசியில் எப்படி வெளியே வந்தோம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். பல டைம்ஷேர் நிறுவனங்கள் பத்திரத்தைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வைத்திருக்கின்றன, ஆனால் பெரிதாக விளம்பரப்படுத்துவதில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் கூப்பிட்டால் விற்பனைப் பிரிவுக்கே தள்ளிவிடுவார்கள். பத்திரத்தை நானாகவே முன்வந்து திருப்பிக் கொடுக்க விரும்புகிறேன், அதைக் கவனிக்கும் பிரிவின் முகவரி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கடன் முழுதும் அடைந்திருக்க வேண்டும், பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் எங்களிடம் சரியாக இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். மாதக்கணக்கில் கடிதம், மறு கடிதம், நோட்டரி கையெழுத்து, 350 டாலர் கட்டணம். விலை, வட்டி, பராமரிப்பு, அந்த மோசடிப் பணம் எல்லாம் சேர்த்து எங்களுக்குப் போனது ஏறத்தாழ 37,000 டாலர். பத்திரத்துக்குத் திரும்பக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த உறுதிக் கடிதம் வந்த அன்று டெக்சாஸுக்குப் போன் போட்டு என் கணவரிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை நிம்மதி.

கடிதம் வந்ததோடு விட்டுவிடாதீர்கள். அந்தக் கவுண்டியின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம், எங்களுடையது ஆஸியோலா கவுண்டி. பத்திரம் உங்கள் பெயரிலிருந்து மாறிப் பதிவாகியிருக்கிறதா என்று பெயரைப் போட்டுத் தேடி, அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு வங்கியில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். எங்களுக்கு அடுத்த ஜனவரியிலும் பராமரிப்புப் பில் வந்தது. அந்த நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், அதற்குப் பிறகு வரவில்லை.